ஒரு சொல் பெற்ற இடம்

நாடாளுமன்றத்தின் பார்வையாளர் மாடத்தில் அமர்ந்து விவாதத்தைக் கேட்டு மீள்வோருள் பலர் ஓர் ஐயத்துடன் வெளியே வருவர். ஆளுங்கட்சிக்கு உறுப்பினர் மிகுதி. எதிர்த்துப் பேசுவோர் சிலர். எத்துணை நேரம் பேசினாலும் இறுதியில் எண்ணிக்கையே வெல்லப்போகின்றது. அங்ஙனமாயின் நாட்கணக்கில் பேசுவது எதற்கு? பேசாமலே வாக்கெடுத்துவிட்டால் காலமும் பொருளும் மிஞ்சுமன்றோ? இவ்வையம் எளிதில் தள்ளத்தக்கதன்று. இதற்கு விடை காண விழைவோர் 1951ஆம் ஆண்டு மே மாதத்தில் தில்லியில் நடந்த ஒரு விவாதத்தை நினைத்துப் பார்த்தல் நலம். இறுதி வாக்கெடுப்பில் இருபது வாக்குகளே பெற்ற ஒரு தரப்பினரின் வாதம், அரசின் மசோதாவில் ஒரு சொல் இடம்பெறத் துணை செய்தது அந்நாளில்தான்.

மசோதா என்பது சட்டமாவதற்கு முன்னுள்ள வரைவு. அமைச்சர் அதனை அவையில் அறிமுகம் செய்வது முதற்படி. பின்னர் அதன் நோக்கம் விவாதிக்கப்படும். ஆழ்ந்து ஆராயவேண்டிய மசோதாவாயின், எல்லாத் தரப்பினரும் அடங்கிய தெரிவுக் குழு ஒன்றுக்கு அனுப்பப்படும். குழுவிலிருந்து மீண்ட மசோதாவை அவை பிரிவு பிரிவாக, சொல் சொல்லாக எடுத்து ஆராயும். அதன்பின் முழுமையும் ஏற்பதா, தள்ளுவதா என்று முடிவு செய்யும். அரசியலமைப்பையே திருத்தும் மசோதாவாயின் வெறும் பெரும்பான்மை போதாது. அவையின் மொத்த உறுப்பினருள் பாதிக்கு மேற்பட்டோரும், வந்திருந்து வாக்களிப்போருள் மூன்றில் இரு பங்கினரும் இசைதல் வேண்டும்.

பேசும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. உறுப்பினர் எவரும் மற்றோர் உறுப்பினரை நோக்கிப் பேசுதல் கூடாது. சபாநாயகரை நோக்கியே பேசுதல் வேண்டும். சினம் நேராகப் பாயாமல் நடுவிலுள்ள ஒரு நாற்காலியைச் சுற்றிச் செல்வதால் அதன் சூடு சற்றே தணிகின்றது. எப்போதும் தணிந்துவிடுகின்றது என்று சொல்வதற்கில்லை. அவையில் பேசிய பேச்சுக்காக எந்த நீதிமன்றமும் உறுப்பினரை விசாரித்தல் ஆகாது என்று அரசியலமைப்பின் 105ஆம் பிரிவு காப்பளிக்கின்றது. அத்தகைய காப்புடைய மன்றத்தில், அக்காப்பு இல்லாத பொதுமக்களின் பேச்சுரிமை பற்றியே அன்று விவாதம் எழுந்தது.

அவ்விவாதத்தின் வேர்களுள் ஒன்று சென்னையில் இருந்தது. பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் என்பவர் 'கிராஸ்ரோட்ஸ்' என்னும் ஆங்கில வார இதழை வெளியிட்டு வந்தார். இடதுசாரிக் கொள்கையுடைய அவ்விதழ் தம் எல்லைக்குள் நுழைதலும் பரவுதலும் கூடாது என்று 1950ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் சென்னை அரசினர் தடை விதித்தனர். பொது அமைதியைக் காக்கவே தடை என்பது அவர்கள் கூறிய காரணம். வழக்கு உச்ச நீதிமன்றத்தை எட்டியது. மே 26ஆம் நாள் தீர்ப்பு வெளியாயிற்று. பெரும்பான்மை நீதிபதிகளின் சார்பில் அதனை எழுதியவர் சென்னையைச் சேர்ந்த பதஞ்சலி சாஸ்திரியார். பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தத்தக்க காரணங்களை அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு எண்ணிச் சொல்லியுள்ளது. அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு, ஒழுக்கக்கேடு, அரசின் பாதுகாப்பைக் குலைத்தல் என்பன அவை. 'பொது அமைதி' என்பது அப்பட்டியலில் இல்லை. ஆகவே தடை செல்லாது என்பது தீர்ப்பின் சாரம். அதே நாளில், வலதுசாரிக் கொள்கையுடைய 'ஆர்கனைசர்' என்னும் தில்லி இதழின்மீது விதிக்கப்பட்ட முன்தணிக்கை ஆணையையும் நீதிமன்றம் நீக்கியது. ஒன்றற்கொன்று நேர்மாறான கொள்கையுடைய இரண்டு இதழ்கள் ஒரே நாளில் ஒரே காரணத்தால் விடுதலை பெற்றமை நினைக்கத்தக்கது.

வேறு இரண்டு இடர்களும் அரசின்முன் நின்றன. மருத்துவம், பொறியியல் கல்லூரிகளில் வகுப்புவாரியாக இடங்களைப் பகிர்ந்தளித்த சென்னை அரசின் ஆணை செல்லாது என்று 1951ஆம் ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கூறியது. தமிழகத்தில் அத்தீர்ப்பை எதிர்த்துக் கிளர்ச்சி மூண்டது. பீகாரில் ஜமீன்தாரி முறையை ஒழிக்க இயற்றப்பட்ட சட்டத்தைப் பாட்னா உயர்நீதிமன்றம் தள்ளிவிட்டது. இம்மூன்றற்கும் ஒருங்கே தீர்வு காணும் பொருட்டு, அரசியலமைப்பின் முதல் திருத்த மசோதாவை 1951ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் பிரதம மந்திரி நேரு அறிமுகம் செய்தார். பின்தங்கிய வகுப்பினர்க்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய வழிவகுக்கும் 15ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு அம்மசோதாவின் வழி வந்ததே. எனினும் அவையில் மிகப் பெரும் புயலை எழுப்பியது பேச்சுரிமை பற்றிய பகுதியே. 'பொது அமைதி', 'அயல்நாடுகளுடன் நட்புறவு', 'குற்றம் புரியத் தூண்டுதல்' என்னும் மூன்றனையும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்க அரசு விழைந்தது.

மே 16ஆம் நாள், மசோதாவைத் தெரிவுக் குழுவுக்கு அனுப்பவேண்டும் என்ற தீர்மானத்தின்மீது விவாதம் தொடங்கிற்று. அரசுத் தரப்பின் வாதம் வலிமையற்றதன்று. கொலையையும் வன்முறையையும் போற்றிப் பேசுவோனைக்கூடத் தண்டிக்க இயலாதவாறு சில நீதிமன்றங்கள் பேச்சுரிமைக்குப் பொருள் விரித்துவிட்டன. அரசியலமைப்பு காலத்தோடு ஒத்து வளரவேண்டுமேயன்றி, மக்கள் வேண்டும் மாறுதல்களுக்கு மதிலாய் நிற்றல் கூடாது என்று நேரு வாதிட்டார். பிரிவினையின் புண் இன்னும் ஆறாதிருந்த காலம் அது. பொறுப்பற்ற எழுத்தொன்று அயல்நாட்டுடன் பகையை மூட்டிவிடக்கூடும் என்ற அச்சம் கற்பனையன்று. சட்ட அமைச்சராயிருந்த டாக்டர் அம்பேத்கர், நீதிமன்றத் தீர்ப்புகள் ஒவ்வொன்றையும் எடுத்து விளக்கித் திருத்தத்தின் தேவையை நிறுவ முயன்றார். அரசியலமைப்பை வரைந்த குழுவின் தலைவரே அதனைத் திருத்தவேண்டும் என்று வாதிட நேர்ந்தது, அவ்விவாதத்தின் விந்தைகளுள் ஒன்று.

எதிரணியில் முன்நின்றவர் டாக்டர் சியாமா பிரசாத் முகர்ஜி. ஓராண்டுக்கு முன்புவரை நேருவின் அமைச்சரவையில் இருந்து, கருத்து வேற்றுமையால் விலகியவர் அவர். ஹிருதயநாத் குன்ஸ்ரு, ஆச்சாரிய கிருபளானி முதலியோரும் மசோதாவைக் குறைகூறினர். அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து பதினாறு திங்கள்கூட நிறையவில்லை. இக்குழந்தையின் கையையும் காலையும் இதற்குள் மாற்றியமைப்பானேன் என்பது எதிர்த்தோர் வினாக்களுள் ஒன்று. அதனினும் கூர்மையான வினா வேறொன்று. அப்போதிருந்தது தற்காலிக நாடாளுமன்றமே. அரசியலமைப்பை வகுத்த பேரவையே தேர்தல் நடக்கும்வரை அவையாக இயங்கிவந்தது. வயது வந்தோர் யாவரும் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த உறுப்பினர் அங்கு இல்லை. மேலவையும் இன்னும் அமையவில்லை. சில திங்களில் தேர்தல் வரவிருக்க, மக்களின் அடிப்படை உரிமையில் இம்மன்றம் கைவைத்தல் முறையோ என்று அவர்கள் கேட்டனர். முகர்ஜிக்கும் நேருவுக்கும் இடையே அனல் பறந்தது. நாற்காலியைச் சுற்றிச் சென்றும் அன்று சூடு தணியவில்லை.

ஆயினும், உரத்த குரலில் எழுந்த இவ்வாதங்களினும் நெடிது நின்றது ஒரு சிறு வாதம். அதனை விளங்கிக்கொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும். 1948ஆம் ஆண்டு டிசம்பரில், உரிமைகளுக்கான விதியை அரசியலமைப்புப் பேரவை ஆராய்ந்தபோது, காங்கிரசு உறுப்பினரான தாகூர் தாஸ் பார்கவா ஒரு திருத்தம் கொண்டுவந்தார். கூட்டம் கூடுதல், சங்கம் அமைத்தல், தொழில் செய்தல் முதலிய உரிமைகளின்மேல் அரசு விதிக்கும் கட்டுப்பாடுகள் 'நியாயமான' கட்டுப்பாடுகளாக இருத்தல் வேண்டும் என்பதே அது. வரைவில் 'கட்டுப்பாடுகள்' என்று மட்டும் இருந்த இடங்களில் ஓர் அடைமொழியைச் சேர்க்கச் சொன்னார், அவ்வளவே. அம்பேத்கர் அதனை ஏற்றார். அடைமொழி ஒன்று என்ன செய்துவிடும் என்று எண்ணுதல் கூடாது. அச்சொல் இல்லாதவிடத்து, 'இச்சட்டம் பட்டியலில் உள்ள பொருள் பற்றியதுதானா?' என்று மட்டுமே நீதிபதி கேட்க இயலும். அச்சொல் உள்ளவிடத்தோ, 'இக்கட்டுப்பாடு அளவுக்கு மீறியதா? தீமை சிறிதாக இருக்க மருந்து கொடிதாக இருக்கிறதா?' என்றும் கேட்கலாம். அமைச்சர் செய்ததை எடைபோடும் துலாக்கோல் அச்சொல்.

ஆனால் பேச்சுரிமை பற்றிய உட்பிரிவில் மட்டும் அச்சொல் சேராமல் நின்றுவிட்டது. பட்டியல் குறுகியதாக இருந்தவரையில் அக்குறை பெரிதாகத் தோன்றவில்லை. 1951ஆம் ஆண்டு மசோதா 'பொது அமைதி' போன்ற அகன்ற சொற்களைப் பட்டியலில் புகுத்தியபோது குறை வெளிப்பட்டது. தெருவில் இருவர் உரக்கப் பேசினும் பொது அமைதி குலைந்தது என்று ஓர் அதிகாரி சொல்லக்கூடும். அளவறியும் கோல் இல்லையேல் அவரைத் தடுப்பார் யார்? இக்கேள்வியை எதிரணியினர் மட்டுமன்றி ஆளுங்கட்சியினர் சிலரும் எழுப்பினர். அச்சொல்லைச் சேர்த்தால் ஒவ்வொரு கட்டுப்பாடும் நீதிமன்றப் படியேறும் என்ற தயக்கம் அரசுத் தரப்பில் இருந்தது. அத்தயக்கத்தைப் பழித்தல் வேண்டா. ஆளும் பொறுப்புடையோர்க்கு வழக்குகளால் நேரும் காலத்தாழ்வு உண்மையான இடரே. ஜமீன்தாரிச் சட்டத்தில் அதனை அவர்கள் கண்கூடாகக் கண்டிருந்தனர்.

மசோதா தெரிவுக் குழுவுக்குச் சென்றது. மே 25ஆம் நாள் அதன் அறிக்கை அவைக்கு வந்தது. பேச்சுரிமை பற்றிய உட்பிரிவில் 'கட்டுப்பாடுகள்' என்பதன் முன் 'நியாயமான' என்னும் சொல் ஏறியிருந்தது. அரசு அதனை ஏற்றுக்கொண்டது. இதனால் எதிர்ப்பு ஓய்ந்துவிடவில்லை. இன்னும் பல குறைகள் உள என்று முகர்ஜியும் குன்ஸ்ருவும் மாறுபட்டே நின்றனர். ஜூன் மாதத் தொடக்கத்தில் வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவாக 228 பேர். எதிராக 20 பேர். மே 16ஆம் நாளே வாக்கெடுத்திருப்பினும் அரசே வென்றிருக்கும். ஆனால் அன்று வென்றிருக்கக்கூடிய மசோதா வேறு. ஜூனில் வென்ற மசோதா வேறு. திருத்தம் ஜூன் 18ஆம் நாள் சட்டமாயிற்று.

அச்சொல் ஏட்டில் உறங்கிக் கிடக்கவில்லை. உயர்த்தப்பட்ட பாசன வரியைச் செலுத்தவேண்டா என்று உழவர்களைத் தூண்டிப் பேசியதற்காக, உத்தரப்பிரதேசத்தில் ராம் மனோகர் லோகியாவை அரசு சிறைப்படுத்தியது. அதற்கு அடிப்படையாயிருந்த சட்டப்பிரிவு ஆங்கிலேயர் காலத்தது, 1932ஆம் ஆண்டினது. பேச்சுக்கும் பொது அமைதிக்கும் நெருங்கிய தொடர்பு இருந்தாலன்றிக் கட்டுப்பாடு செல்லாது என்று கூறி, 1960ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அப்பிரிவைத் தள்ளியது. 1963ஆம் ஆண்டில் பதினாறாம் திருத்தம், நாட்டின் இறைமையையும் ஒருமைப்பாட்டையும் காத்தல் என்னும் காரணத்தைப் பட்டியலில் சேர்த்தது. அண்ணாதுரை மாநிலங்களவையில் அம்மசோதாவை மறுத்துப் பேசினார். எனினும் அது நிறைவேறியது. பட்டியல் நீண்டது, துலாக்கோலோ இருந்த இடத்திலேயே இருந்தது. 1989ஆம் ஆண்டில் 'ஒரே ஒரு கிராமத்திலே' என்னும் தமிழ்த் திரைப்படத்தின் சான்றிதழைச் சென்னை உயர்நீதிமன்றம் நீக்கியபோது, கிளர்ச்சி எழும் என்ற அச்சம் காட்டிக் கருத்தை அடக்குதல் ஆகாது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் படத்தை விடுவித்தது. இடஒதுக்கீட்டு முறையைக் குறைகூறிய படம் அது. 1951ஆம் ஆண்டுத் திருத்தம் அம்முறைக்கும் வழிவகுத்தது; அதனைக் குறைகூறுவோரையும் காத்தது.

கணிப்பொறி வழியாகப் பிறர்க்கு எரிச்சலூட்டும் செய்தி அனுப்புவோர்க்குச் சிறைத்தண்டனை விதிக்கும் 66அ என்னும் பிரிவு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. 2008ஆம் ஆண்டு டிசம்பரில் அதற்கான மசோதா மக்களவையில் விவாதம் ஏதுமின்றி நிறைவேறியது. 'எரிச்சல்' என்றால் என்ன, அதன் அளவு யாது என்று அன்று அங்கு எவரும் எழுந்து கேட்கவில்லை. அக்கேள்வியை உச்ச நீதிமன்றம் 2015ஆம் ஆண்டு மார்ச்சு 24ஆம் நாள் கேட்டது. கேட்டு, 19ஆம் பிரிவு இசையும் நியாயமான கட்டுப்பாடு இதுவன்று என்று கூறி, 66அ பிரிவை முழுவதுமாக நீக்கியது.