மூளை போயிற்று, கண் இருக்கிறது!

'ஆல்-இன்-ஒன்' என்று ஒரு ஜாதிக் கம்ப்யூட்டர் இருக்கிறது. தனிப் பெட்டி கிடையாது. மூளை, முகம் எல்லாம் ஒரே உடம்பில். மேஜைக்கு வெகு லட்சணம். ஆனால் ஒரு சங்கடம், பாருங்கள். அதன் மூளைக்கு அற்பாயுசு, முகத்துக்கோ தீர்க்காயுசு!

என் வீட்டு ஐமாக் 2015-ஆம் வருஷத்தது. 2021-ல் வெளிவந்த மான்டரே பதிப்புக்கு மேல் அதில் எதுவும் ஏறாது. 27 அங்குலத் திரை மட்டும் புதுக் கருக்கு அழியாமல் இருந்தது. குறுக்கே 5,120 புள்ளிகள், நெடுக்கே 2,880. இந்தக் கணக்கெல்லாம் எதற்கு என்று கேட்காதீர்கள். நான் பிழை திருத்திப் பிழைக்கிறவன். சுழி இரண்டா, மூன்றா என்று நாள் முழுவதும் எண்ணுகிற கண்ணுக்கு அது ஜீவாதாரம். அந்த ரகத் திரையைப் புதிதாக வாங்க என் சம்பாத்தியம் இடம் கொடுக்காது.

"பழைய சாமான்காரனுக்குத் தள்ளிவிடுங்களேன்" என்றாள் என் மனைவி.

ஒரு கேபிளைச் சொருகினால் போதாதா என்பீர்கள். 2009 கடைசியில் வந்த 27 அங்குல ஐமாக்கில் அந்த வசதி இருந்தது. கமாண்ட் விசையோடு எஃப்2-வை அழுத்தினால், அது சமர்த்தாக இன்னொரு மாக்குக்குத் திரையாகிவிடும். 2014 கடைசியில் 5கே திரை வந்தபோது அந்த வாசல் அடைபட்டது. அத்தனை புள்ளிகளையும் சுமந்து செல்ல அன்றைய கேபிள் ஒன்றுக்குச் சக்தி போதவில்லை.

ஆகவே, ரண சிகிச்சைதான்!

ரிச்சி தெருவில் பழக்கமான தம்பி ஒருவர் வந்தார். முதல் நாளே பிளக்கைப் பிடுங்கி வைக்கச் சொல்லியிருந்தார். பிடுங்கிய பிறகும் உள்ளே கபாஸிடரில் மின்சாரம் பதுங்கியிருக்கும். "அந்தப் பக்கம் விரல் வைக்காதீங்க ஸார்" என்று மூன்று தடவை எச்சரித்தார். நான் அந்த அறைப் பக்கமே விரல் வைக்கத் தயாராக இல்லை. கண்ணாடியைப் பிடித்திருந்தது திருகாணி அல்ல, ஒட்டு நாடா. சின்னச் சக்கரக் கத்தியை விளிம்பில் ஓட்டி அறுத்தார். தூக்கும்போது இன்னொரு கை தேவைப்பட்டது. தள்ளிவிடச் சொன்ன மகராசிதான் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓர் ஓரத்தைத் தாங்கினாள்.

திரையின் முதுகில் ஓர் எண் இருந்தது. அதற்குப் பொருத்தமான கண்ட்ரோல் போர்டுதான் வேண்டும். அது வந்து சேரப் பத்து நாள். அதுவரை மேஜைமேல் வாயைப் பிளந்துகொண்டு கிடந்த கோலத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு துண்டைப் போட்டு மூடிவைத்தோம்.

பிறகு பழைய மூளை, டிஸ்க், விசிறி எல்லாம் வெளியே வந்தன. காலி வயிற்றில் புதுப் போர்டு அமர்ந்தது. ஸ்பீக்கரும் காமிராவும் ஊமையாகிவிட்டன. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பொத்தான்கள் முதுகுப்புறம் தொங்குகின்றன. அழகு கொஞ்சம் குறைவுதான்.

என் மடிக்கணினியைச் சேர்த்தார். ஒரு விநாடி இருட்டு. அப்புறம் பளிச்சென்று வெளிச்சம்! மறுநாள் அச்சுக்குப் போக வேண்டிய கல்யாணப் பத்திரிகை ஒன்றைத் திறந்தேன். 'மணமகள்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'மனமகள்' நின்றுகொண்டிருந்தாள். உடனே அச்சகத்துக்கு டெலிபோன் செய்தேன்.