கம்ப்யூட்டரில் குடியிருக்கும் ஆண்டை

வீடு கட்ட அனுமதி கேட்கும் விண்ணப்பத்தில் சாதிக்கென்று ஒரு கட்டம் கிடையாது. சர்வே எண், உட்பிரிவு எண், பட்டா எண், மனைக்கு முன்னால் இருக்கும் பாதையின் அகலம், இவ்வளவுதான் கேட்கிறார்கள். ஆனால் இந்தக் கட்டங்களை நிரப்ப உட்காரும் சேரிக்காரன் ஒவ்வொரு கட்டத்திலும் தன் சாதியைத்தான் எழுதவேண்டியிருக்கிறது. ஒரு வருஷமாக இந்த விண்ணப்பத்தோடு அலைகிறேன். எம்.ஏ. தமிழுக்குப் படித்ததைவிட இதற்குப் படித்தது அதிகம்.

எங்கள் இடம் மூன்று சென்ட். அதாவது 1,307 சதுர அடி. 1980களின் நடுவில் ஆதிதிராவிடர் நலத் தனி வட்டாட்சியர் கையெழுத்துப் போட்டு அம்மா பேருக்குக் கொடுத்த பட்டா இருக்கிறது. அதற்கு முன்னால் ஆண்டையின் களத்தோரம் குடிசை. அவர் போ என்றால் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். அவருடைய புஞ்சையில் ஒரு ஏக்கரை அரசாங்கம் எடுத்து இருபத்தாறு குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது.

அப்படி எடுப்பதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. 1978ஆம் ஆண்டின் 31ஆம் சட்டம். ‘அரிசன நலத் திட்டங்களுக்கு’ நிலம் எடுக்கும் சட்டம் என்று பெயர். பெயரிலேயே நம்மை இழிவுபடுத்தும் சட்டம்தான். இருந்தாலும் அதில் ஒரு பலம் உண்டு. மாவட்ட அரசிதழில் அறிவிப்பு வந்த அன்றே நிலம் எந்த வில்லங்கமும் இல்லாமல் அரசாங்கத்துக்குச் சொந்தமாகிவிடும். நிலக்காரர்கள் சும்மா இருப்பார்களா? உச்ச நீதிமன்றம்வரை போனார்கள். நட்டஈட்டைத் தவணையில் கொடுக்கும் பகுதி செல்லாது, மற்றபடி சட்டம் செல்லும் என்று 1994இல் தீர்ப்பானது.

ஊராட்சியாக இருந்த எங்கள் ஊரை டவுன் மெல்ல மெல்ல விழுங்கி, இன்றைக்கு நாங்கள் நகராட்சிக்காரர்கள். வீடு மட்டும் அதே சிமெண்ட் ஷீட் வீடு. மழைக்கு ஒழுகும், வெயிலுக்கு வேகும். தங்கச்சியும் நானும் சேர்ந்து, ரெண்டு ரூம், சமையல்கட்டு, கக்கூஸ் வைத்து தளம் போட்டுக் கட்டிவிடலாம் என்று முடிவு செய்தோம். பேங்கில் கடன் தருகிறோம் என்றார்கள். ப்ளான் அப்ரூவல் கொண்டு வாங்க என்றார்கள்.

இஞ்சினியர் படம் போட்டுக் கொடுத்தார். நல்ல மனுஷன். “இப்ப ரொம்ப ஈசிம்மா” என்றார். 2024 ஜூலையில் சுயசான்றுத் திட்டம் வந்துவிட்டது. 2,500 சதுர அடிவரை உள்ள மனையில் 3,500 சதுர அடிவரை வீடு கட்டலாம். தரைத்தளமோ, அதற்குமேல் ஒரு மாடியோ. நாமே சான்று கொடுத்து, கட்டணத்தைக் கட்டினால் இணையத்திலேயே உடனே அனுமதி. சொல்லிக்கொண்டே சர்வே எண்ணைத் தட்டினார். திரையில் பேர் வந்தது. செத்து முப்பது வருஷமான ஆண்டையின் பேர்.

நடந்தது இதுதான். நிலத்தை எடுத்தார்கள். பட்டாவைக் கொடுத்தார்கள். ஆனால் மனைகளை உட்பிரிவு செய்து கிராமக் கணக்கில் ஏற்றவில்லை. கையெழுத்துக் கணக்கில் இருந்த பேரை அப்படியே கம்ப்யூட்டரில் அடித்துவிட்டார்கள். நாற்பது வருஷமாக நாங்கள் குடியிருக்கும் மண்ணில், கணக்குப்படி ஆண்டைதான் இன்னும் குடியிருக்கிறார். உன் சொல்லை நம்பி அனுமதி தருகிறேன் என்கிற அரசாங்கம், உன் இடம் உன்னுடையது என்பதை மட்டும் நம்ப மறுக்கிறது.

நகரமைப்புப் பிரிவில் போய்க் கேட்டேன். ஃபைலிலிருந்து நிமிராமலேயே “எந்தத் தெரு?” என்றார் எழுத்தர். சொன்னேன். நிமிர்ந்தார். “காலனியா? ஏம்மா, காலனிக்கெல்லாம் எதுக்கு அப்ரூவல்? பாட்டுக்குக் கட்டிக்குங்க. யாரு கேக்கப்போறா?”

ரொம்ப இரக்கமாகத்தான் சொன்னார். அந்த இரக்கம்தான் எனக்குப் பயமாக இருந்தது. எங்கள் தெரு ஆம்பளைகள் கொத்தனார்கள், சென்ட்ரிங் வேலைக்காரர்கள். பொம்பளைகள் சித்தாள்கள். இந்த டவுனில் அப்ரூவல் வாங்கிய எத்தனையோ மாடிகளுக்கு அம்மா கலவைச் சட்டி தூக்கியிருக்கிறாள். அவள் வீட்டுக்கு மட்டும் அனுமதி அனாவசியம். கட்டும்போது யாரும் கேட்கமாட்டார்கள். இடிக்க வரும்போது முதல் கேள்வியே அதுதான்: தாள் எங்கே? 2022 மே மாதம் சென்னை கோவிந்தசாமி நகரில் ஆக்கிரமிப்பு என்று சொல்லி வீடுகளை இடித்தபோது, அங்கே வாழ்ந்த ஒருவர் தீக்குளித்துச் செத்துப்போனார். ‘யாரு கேக்கப்போறா’ என்று சொல்லிச் சொல்லி வளரவிடப்பட்ட குடியிருப்புகள் எல்லாவற்றுக்கும் அந்த நெருப்பு ஒரு சேதி சொல்லியிருக்கிறது.

ஆனால் வரி கேட்க மட்டும் ஆள் வருகிறார்கள். வீட்டுவரிக்கு எந்தக் கம்ப்யூட்டரும் ஆண்டை பேரைக் காட்டியதில்லை. ரசீது அம்மா பேருக்குத்தான் வருகிறது.

பஞ்சமி நிலத்தைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம், எழுதியிருக்கிறோம். 1891இல் செங்கல்பட்டில் திரமென்கீர் எழுதிய அறிக்கை, 1892இன் அரசாணை, 1994இல் காரணையில் மண்ணைக் கேட்டுப் போராடியதற்காகத் துப்பாக்கிச் சூட்டில் செத்த ஜான் தாமஸ், ஏழுமலை. அங்கே கணக்கில் நம் பேர் இருந்தது, நிலம் மாற்றான் கையில் போயிற்று. இங்கே நிலம் நம் காலடியில் இருக்கிறது, கணக்கு மாற்றான் பேரில் இருக்கிறது. இரண்டிலும் பேனா ஒரே பக்கம்தான் சாய்ந்திருக்கிறது. முதலாவதற்குப் போராடிய நாம் இரண்டாவதை ஏதோ ஆபீஸ் வேலை என்று விட்டுவைத்திருக்கிறோம்.

2025 ஏப்ரலில் ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது, போகட்டும். தெருவின் பேரை மாற்றும் அதே கை, சர்வே எண்ணுக்கு நேராக இருக்கும் பேரையும் மாற்றவேண்டும்.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு, அந்த நிலமெடுப்பின் அரசிதழ் அறிவிப்பையும் நட்டஈட்டுத் தீர்வத்தையும் நகல் வாங்கினோம். பட்டாவை மட்டும் நீட்டினால் அலைக்கழிப்பார்கள். இந்த இரண்டையும் சேர்த்து நீட்டினால் உட்காரச் சொல்கிறார்கள். இதைப் படிக்கும் தோழர்கள் தங்கள் ஊர்ச் சேரியின் சர்வே எண்ணை ஒருதரம் இணையத்தில் தட்டிப் பாருங்கள். யார் பேர் வருகிறது என்று பாருங்கள்.

தாலுக்கா ஆபீசில் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “நீங்க படிச்சவங்க. இருபத்தாறு பேருக்கும்னா வருஷக்கணக்கா ஆகும். உங்களுக்கு மட்டும்னா ரெண்டு மாசத்துல உட்பிரிவு பண்ணிக் கொடுத்துடலாம்” என்றார். பேங்க் கொடுத்த கெடு அந்த ரெண்டு மாசத்தோடு முடிகிறது. வீட்டில் வந்து சொன்னேன். தங்கச்சி சண்டை போட்டாள். “உன் அரசியலுக்கு நம்ம கூரை ஒழுவணுமாக்கா?” என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அம்மா மட்டும் கேட்டாள்: “நமக்கு மட்டும் பேரு மாத்திட்டா, பக்கத்து வூட்டுக்கு ஆண்டைதான?”

மனு இருபத்தாறு பேர் கையெழுத்தோடும் கைநாட்டோடும் தாலுக்கா ஆபீசில் இருக்கிறது. சர்வேயர் ஒருதரம் வந்து அளந்துவிட்டுப் போனார். கடனுக்கான கெடு முடிந்துவிட்டது. ஐப்பசி மழைக்கு முன்னால் ஷீட்டின்மேல் போட ஒரு தார்ப்பாய் வாங்கிவந்தாள் தங்கச்சி. அடுத்த திங்கட்கிழமை மனுநாளில் கலெக்டரிடம் போகிறோம். அவளும் வருகிறேன் என்கிறாள்.