வலப்பக்கக் கண்ணாடி

மார்ச் 4, திங்கள்

மூடிய ட்ரெயிலரில் வந்து இறங்கியது. புகாட்டி ஈபி 110, நீல நிறம். பட்டறைப் பையன் கைபேசியோடு வாசலுக்கு ஓடினான். கார்ப்பந்தய வீரர் ஷூமாக்கர் 1994இல் இதே வகையில் மஞ்சள் நிறத்தில் ஒன்று வாங்கி, கொஞ்ச நாளிலேயே லொறியொன்றில் கொண்டுபோய் இடித்தார் என்று எனக்கு வகுப்பு எடுத்தான். பன்னிரண்டு சிலிண்டர், மூன்றரை லீற்றர், நாலு டர்போ, அறுபது வால்வு என்று உரிமையாளர் தன் பங்குக்குச் சொன்னார். அதெல்லாம் எஞ்சின்காரர் பாடு. எனக்கு உள்ள வேலை வலக்கதவுக் கண்ணாடி.

கதவு மேல்நோக்கித் திறக்கும் வகை. தாங்கி ஒன்றை முட்டுக்கொடுத்து நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தேன். இரண்டு குறை. கதவு விளிம்பில் கண்ணாடியைத் துடைத்துவிடும் வெல்வெட் பட்டியில் மணல் ஏறி, ஏற்றி இறக்கிய போதெல்லாம் நெடுக்காகக் கோடு இழுத்திருக்கிறது. நகத்தை ஓட்டினால் தடக்குகிறது. நகம் தடக்கும் கீறலைத் தேய்த்து எடுக்கப் போனால் அந்த இடம் குழிந்து, அதனூடாகப் பார்க்கிற தெரு நெளியும். இதோடு வாழலாம். மற்றது பின் மேல் மூலையில் பெயர்ந்திருக்கும் சில்லு. அதோடு வாழ முடியாது. உரிமையாளரோ கீறலைக் காட்டித்தான் முறையிட்டார்.

இது பதப்படுத்திய கண்ணாடி. இவ்வகையை 600 பாகைக்கு மேல் சூடாக்கி, இரண்டு பக்கமும் குளிர்காற்றை ஒரேயடியாக ஊதிச் செய்வார்கள். வெளித்தோல் முதலில் இறுகிவிடும். உள்ளே இன்னும் சூடு. அது ஆறிச் சுருங்கப் பார்க்கும்போது இறுகிய தோல் இடம் கொடாது. ஆகவே தோல் நெருக்கப்பட்டும் நடு இழுபட்டும் ஆயுள் முழுக்க நிற்கும். அந்தப் பிணக்குத்தான் பலம். நெருக்கத்தில் உள்ள தோல், பக்கத்துக்குத் தடிப்பின் ஐந்தில் ஒரு பங்கு. நாலு மில்லிமீற்றர்க் கண்ணாடியில் 0.8 மில்லிமீற்றர். சில்லு அதைத் தாண்டி நடுவைத் தொட்டால் முழுக் கண்ணாடியும் அந்தக் கணமே பொடி. தொடாமல் முன்னே நின்றிருக்கிறது, அவ்வளவுதான்.

"எப்ப உடையும் அங்கிள்?"

"அது தம்பிக்குச் சொல்லிப்போட்டு உடையாது."

மார்ச் 8, வெள்ளி

ஃபோல்க்ஸ்வாகன் கோல்ஃப் என்றால் காலையில் தொலைபேசியில் சொன்னால் மத்தியானம் கண்ணாடி வாசலில். கோடிக் கணக்கில் செய்த வண்டி அது. ஈபி 110 எல்லாமாக ஏறத்தாழ 140தான். அதுவும் அநாதைப் பிள்ளை.

ரொமானோ ஆர்த்தியோலி என்ற இத்தாலியக் கார் வியாபாரி 1987இல் புகாட்டி என்ற பெயரை வாங்கி, மொதெனாவுக்குப் பக்கத்தில் கம்போகலியானோவில் தொழிற்சாலை எழுப்பினார். நிறுவனர் எத்தோரே புகாட்டி பிறந்து 110 ஆண்டு நிறைந்த 1991 செப்டெம்பர் 15 அன்று பாரிசில் வண்டியைக் காட்டினார். பெயரில் உள்ள 110 அதுதான். 1995 செப்டெம்பரில் கம்பனி வங்குரோத்து. மிச்சமிருந்த வண்டிகளையும் உதிரிப்பாகங்களையும் நியூரன்பேர்க்கின் டௌவர் நிறுவனம் வாங்கியது. 2008இல் அதுவும் வங்குரோத்து. பாகங்கள் பிறகு கைஸர்ஸ்லவுட்டர்னுக்குக் கைமாறின. இதற்கிடையில் 1998இல் ஃபோல்க்ஸ்வாகன் புகாட்டி பெயரை வாங்கி, வேய்ரோன் என்ற காரைச் செய்து புகழ் சேர்த்தது. பெயர் ஒரு வீட்டில், பாகங்கள் இன்னொரு வீட்டில்.

இந்தக் கிழமை முழுக்கக் கேட்டுப் பார்த்தாயிற்று. இத்தாலியில் ஒருவரிடம் இடப்பக்கம் இருக்கிறதாம். வலப்பக்கம் எவரிடமும் இல்லை.

அபூர்வ வண்டி என்றால் எஞ்சினைத்தான் சனம் நினைக்கிறது. எஞ்சினுக்கு வழி உண்டு. உலோகத் துண்டைக் கடைந்து எதையும் திரும்பச் செய்யலாம். அரை மில்லிமீற்றர் கூடினால் சீவலாம். பதப்படுத்திய கண்ணாடியை வெட்டவோ துளைக்கவோ விளிம்பு தேய்க்கவோ முடியாது. எல்லாம் அடுப்புக்குப் போகுமுன் முடிந்திருக்க வேண்டும். அடுப்பிலிருந்து வந்தது பொருந்தினால் பொருந்தியது, இல்லாவிட்டால் குப்பை. அந்த வளைவைக் கொடுக்கிற அச்சுதான் உண்மையான சொத்து. 140 வண்டி செய்தவன் அச்சை எங்கே போட்டான் என்று இன்றைக்கு யாரைக் கேட்பது?

மார்ச் 19, செவ்வாய்

புதியது செய்வதென்றால் பழையதுதான் மாதிரி. அது முழுசாக வெளியே வர வேண்டும்.

கழற்றுமுன் பையனுக்கு ஒரு வேடிக்கை காட்டினேன். மீன்பிடிக்கப் போகிறவர்கள் தண்ணீரின் மினுக்கம் தெரியாமலிருக்கப் போடுகிற முனைவாக்கக் கறுப்புக் கண்ணாடியை அவனிடம் கொடுத்து, கதவுக் கண்ணாடியைச் சரிவாகப் பார்க்கச் சொன்னேன். சிறுத்தைப் புள்ளிபோல வரிசையாகக் கறுப்புத் திட்டுகள். குளிர்காற்று ஊதிய குழாய் வாய்களின் தடம் அது. முப்பது வருஷமாகியும் அழியாது. திட்டுத் தெரிந்தால் பதப்படுத்தியது என்று பெரும்பாலும் முடிவு கட்டலாம். அதற்குப் பிறகு பையன் வளவில் நின்ற எல்லாக் காரையும் சுற்றி வந்தான். வேலை அரை மணித்தியாலம் பிந்தியது, பரவாயில்லை.

இரு முகத்திலும் ஒட்டுநாடாவைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினோம். உடைந்தாலும் துண்டுகள் கதவின் வயிற்றுக்குள் கொட்டாமல் ஓரளவு பிடித்து நிற்கும் என்ற கணக்கு. ஐரோப்பிய விதிப்படி இப்படிப்பட்ட கண்ணாடி உடைந்தால் ஐந்து சென்ரிமீற்றர்ச் சதுரத்துக்குள் குறைந்தது 40 துண்டாவது விழ வேண்டும். பெரிய துண்டு கழுத்தை வெட்டும் என்பதால் அந்த விதி. சோதனைச்சாலைக்கு நல்ல விதி, கதவுக்குள் கை விட்டுப் பொறுக்குகிறவனுக்குச் சாபம். கார்பன் உடல்கூட்டின் மூலைகளில் அந்தப் பொடி ஒளிந்திருந்து வருஷக்கணக்காகக் கிலுகிலுக்கும்.

"தம்பி, சில்லுப் பக்கம் கை வைக்காதையும். கீழே தாங்கும். மெல்ல. என்ர கையைப் பாரும், முகத்தைப் பாராதையும்."

வந்தது. கம்பளி விரித்த மேசையில் கண்ணாடி படுத்த பிறகுதான் அவன் மூச்சு விட்டான்.

மார்ச் 21, வியாழன்

பையன் கேட்ட கேள்வி நியாயமானது. இடப்பக்கக் கண்ணாடி நல்லபடி இருக்கிறதே, அதை அளந்து கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பினால் போதாதா? இதற்குப் பதில் சொல்வதைவிட அளந்து காட்டலாம் என்று இரண்டையும் ஒளிக்கற்றையால் வருடி, கணினியில் ஒன்றின் மேல் ஒன்று போட்டோம். முன்பக்கம் பொருந்துகிறது. பின்விளிம்பில் மூன்று மில்லிமீற்றர் விலகல். கையால் பூட்டிய வண்டி. கதவுக்கு ஏற்றபடி கண்ணாடியை, அடுப்புக்குப் போகுமுன்னே, அன்றைக்கு யாரோ நின்று இழைத்திருக்க வேண்டும். வலம் வலம்தான், இடம் இடம்தான்.

ஏப்ரல் 11, வியாழன்

உரிமையாளர் வந்து போனார். பொலிகார்பனேற்றில் செய்தால் என்ன, மலிவு, பாரமும் குறைவு, ஃபெராரி எஃப்40இன் முதல் வண்டிகளில் வழுக்கி நகர்த்துகிற பிளாஸ்ரிக் யன்னல்தானே இருந்தது என்றார். வாசித்துவிட்டு வந்திருக்கிறார். உண்மைதான், பிறகு வந்த எஃப்40களுக்குச் சுழற்றி இறக்குகிற கண்ணாடி கொடுத்தார்கள் என்பதும் உண்மை. ஓட்டப் பந்தயத்தில் பிளாஸ்ரிக் சரி. இங்கே அதே வெல்வெட் பட்டி, அதே மணல். கண்ணாடியையே கீறிய மணல் பிளாஸ்ரிக்கை என்ன செய்யும்? மேலே கடினப் பூச்சுப் பூசினாலும் ஏற்றி இறக்குகிற யன்னலுக்கு நான் அதைப் போடமாட்டேன் என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. கோபிக்கவுமில்லை.

பதப்படுத்திச் செய்ய அச்சு, காற்று ஊதும் வாய்கள் எல்லாம் அந்த வளைவுக்கென்றே வேண்டும். ஒரு துண்டுக்காக யாரும் அதைச் செய்யப் போவதில்லை. மிச்சம் ஒன்றுதான்: ஒட்டுக்கண்ணாடி. காற்றுத்தடுப்புக் கண்ணாடி எப்படியோ அப்படி. 1903இல் எதுவார் பெனெதிக்தூஸ் என்ற பிரெஞ்சுக்காரரின் ஆய்வுகூடத்தில் விழுந்த குடுவை, உள்ளே காய்ந்திருந்த செலுலோஸ் படலத்தால் சிதறாமல் விரிசலோடு நின்ற கதையிலிருந்து தொடங்கிய சாதி. இதற்கு அச்சு எளிது. ஓரம் மட்டும் தாங்குகிற இரும்புச் சட்டம். அதன்மேல் தட்டைக் கண்ணாடிகள் இரண்டைச் சேர்த்துப் படுக்கவைத்து, அடுப்பில் தம் பாரத்தாலேயே வளையும்வரை காத்திருப்பார்கள்.

தடிப்புத்தான் தொல்லை. கதவின் ரப்பர்த் தவாளிப்பு நாலு மில்லிமீற்றருக்கானது. வழமையான ஒட்டுக்கண்ணாடி ஐந்தளவில் வரும், இறுகும். பல நாள் மண்டையைக் குடைந்த கணக்கு இன்று இரவு சோற்றுக்கோப்பைக்கு முன்னால் தீர்ந்தது. 1.6 மில்லிமீற்றர் மெல்லிய கண்ணாடி இரண்டு, நடுவே 0.76 மில்லிமீற்றரில் பிவிபி என்ற ஒட்டுத்தாள். கூட்டினால் 3.96. மனிசி என்ன சிரிப்பு என்று கேட்டா. சொன்னேன். சோறு ஆறுது என்றா.

இன்னொரு சிக்கல்: பதப்படுத்தாத மெல்லிய கண்ணாடியில் துளை போட்டு ஆணி இறுக்கினால் விரிசல் அந்தத் துளையிலிருந்துதான் கிளம்பும். ஆகவே துளை இல்லை. கீழ்விளிம்பை உலோகத் தவாளிப்புக்குள் பொலியூரிதேன் பசையால் பதிக்க வேண்டும்.

மே 3, வெள்ளி

அடுப்புக்காரரிடம் போனோம். பழைய கார்களுக்கும் படகுகளுக்கும் ஒன்றிரண்டாகக் கண்ணாடி செய்து கொடுக்கிற சிறிய இடம். வளைத்த சோடியின் நடுவே தாளை வைத்து, காற்றை உறிஞ்சி எடுத்து, அழுத்த அடுப்பில் 140 பாகையளவில் பல மடங்கு வளியழுத்தத்தில் வேகவைக்கிறார்கள். உள்ளே போகும்போது பால்நிறத்தில் மங்கலாக இருக்கிற தாள், வெளியே வரும்போது இருக்கிறதா என்று கேட்கவைக்கும்.

காட்டிய துண்டு எனக்குத் திருப்தியில்லை. கறுப்பு வெள்ளைக் கோடுபோட்ட பலகையை எதிரே பிடித்து, கண்ணாடியில் விழும் கோடுகளைப் பார்த்தேன். பின்விளிம்பை நெருங்கும்போது கோடுகள் வளைந்து நெருங்கின. சட்டத்தில் ஓரிடம் கூடுதலாகச் சூடாகியிருக்கிறது. பயணிகள் பக்கம்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்றார் அங்கிருந்தவர். வலப்பக்க வெளிக்கண்ணாடியை ஓட்டுநர் இதனூடாகத்தான் பார்க்கிறார். திரும்பச் செய்யச் சொன்னேன். முகம் கறுத்தது, செய்வார்.

மே 14, செவ்வாய்

நல்லதாக வந்தது. பசை போடுமுன் வெறுமனே வைத்துப் பார்த்தோம். ரப்பரைச் சுற்றி அங்கங்கே கடதாசிக் கீலம் வைத்துக் கதவைச் சாத்தி, ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்கிற பழைய முறை. எங்கும் ஒரே பிடியோடு வர வேண்டும். மேல் மூலையில் வழுக்கிக்கொண்டு வந்தது. சாய்வை ஒரு சுற்றுத் திருத்தினோம், பிடித்தது.

இவ்வளவு பார்ப்பதற்குக் காரணம் தண்ணீர் மட்டுமல்ல. கம்பனி இந்த வண்டிக்குச் சொன்ன உச்ச வேகம் மணிக்கு 340 கிலோமீற்றருக்கு மேல். அதை விடுவோம், ஔட்டோபானில் வேக எல்லை போடாத இடங்களில் 250 என்பது சட்டப்படியே போகக்கூடிய வேகம். 250இல் எதிர்க்காற்றின் அழுத்தம் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 300 கிலோ. கதவுப் பக்கத்தில் காற்று தள்ளுவதில்லை, உறிஞ்சுகிறது. அதில் பாதி என்று வைத்தாலும், கால் சதுர மீற்றர்க் கண்ணாடியை 37 கிலோ பாரம் வெளியே இழுக்கும். மேல்விளிம்பு ஒரு மயிரிழை விலகினாலே விசில் கேட்கும்.

மே 16, வியாழன்

பசை இறுகியது. தண்ணீர் அடித்துப் பார்த்தோம், உள்ளே ஒரு துளி இல்லை. ஏற்றி இறக்க, முன்னையைவிட அமைதி. வெல்வெட் பட்டியும் புதியது என்பதால்.

உரிமையாளருக்கு ஒரு ஆசை. பழைய கண்ணாடியின் மூலையில் இருந்த முத்திரையை அப்படியே புதியதிலும் பொறித்துத் தர வேண்டுமாம். வட்டத்துக்குள் ஈ என்ற எழுத்து, பக்கத்தில் அனுமதி கொடுத்த நாட்டின் எண்: 1 ஜேர்மனி, 2 பிரான்ஸ், 3 இத்தாலி. பார்க்கிறவருக்கு அது அலங்காரம். அது சொல்வதோ, இன்ன ஆள் இன்ன விதமாகச் செய்த கண்ணாடி, சோதித்தாயிற்று என்ற சத்தியம். பதப்படுத்தியதற்குக் கொடுத்த முத்திரையை ஒட்டுக்கண்ணாடியில் பொறித்தால் பொய்ச்சாட்சி. செய்தவரின் சொந்த முத்திரை அதில் இருக்கிறது, அது போதும் என்றேன். கண்காட்சியில் நடுவர்கள் புள்ளி குறைப்பார்கள் என்றார். குறைக்கட்டும்.

பழைய கண்ணாடியை என்ன செய்வது என்று பையன் கேட்டான். உடைத்துப் பார்க்க அவனுக்குக் கை துறுதுறுக்கிறது. உரிமையாளர் நாடாவோடு சேர்த்துப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோய்விட்டார். வீட்டுக்குப் போகிற வழியில் உடைந்தாலும் உடைந்திருக்கும்.

ஜூன் 7, வெள்ளி

கணக்குக் காட்டினேன். கண்ணாடிக்கு ஒரு தொகை, சட்டம் செய்ததற்கு அதைவிடப் பல மடங்கு தொகை. ஒரு சட்டத்தில் ஆயிரம் கண்ணாடி வளைத்தால் அந்தச் செலவு ஆயிரமாகப் பிரியும். இவருடையது ஒன்றுதான், முழுதும் அவர் தலையில். கண்ணாடிக்கு இவ்வளவா என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. சட்டம் யாருக்குச் சொந்தம் என்று கேட்டார். காசு கொடுத்தவருக்குத்தான் என்றேன். வீட்டில் வைத்து என்ன செய்ய, உங்களிடமே இருக்கட்டும், வேறு யாருக்கும் தேவைப்பட்டால் வாடகைக்குக் கொடுங்கள் என்று சிரித்தார். வியாபாரி.

பின்னேரம் பெல்ஜியத்திலிருந்து தொலைபேசி. இந்த வண்டிக்காரர்களுக்குள் செய்தி காற்றைவிட வேகமாகப் போகிறது. தன்னுடைய ஈபி 110இன் கதவுக் கண்ணாடி போய்விட்டதாம், சட்டம் என்னிடம் இருப்பதாகக் கேள்விப்பட்டாராம், உடனே ஒன்று செய்து அனுப்ப முடியுமா, விலை பற்றிக் கவலையில்லை.

எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

இடப்பக்கம் என்றார்.