அரிமளத்து மலைப்பாம்பு: சாப்பிட்டுப் படுத்திருந்தால் எழுப்பாதீங்க!

புதுக்கோட்டையிலிருந்து அரிமளத்துக்கு பஸ்ஸில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. வெள்ளாற்றைத் தாண்டிவிட்டால் செம்மண் பூமி. ஒரு பக்கம் கண்மாய், இன்னொரு பக்கம் பொட்டல், நடுநடுவே வரிசை பிடித்து நிற்கும் தைலமரங்கள். திருமயம் தாலுகாவில் இருக்கிற இந்தப் பேரூராட்சியில் நகரத்தார் கட்டிய பெரிய வீடுகள் உண்டு. 'மனோன்மணீயம்' எழுதிய சுந்தரம் பிள்ளையின் குருவான கோடகநல்லூர் சுந்தர சுவாமிகளின் அதிஷ்டானமும் இங்கேதான் இருக்கிறது. கோயில், குளம் பார்க்க வருபவர்களுக்கு இவ்வளவும் தெரியும்.

தெரியாத ஓர் ஊர்க்காரர் இருக்கிறார். காது கிடையாது, கால் கிடையாது. ஒரு வேளை சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம்கூட எடுத்துக்கொள்வார். மலைப்பாம்பு!

பெயரில் மலை இருந்தாலும் மலையில் மட்டும் வாழ்கிற பாம்பு இல்லை இது. கண்மாய்க் கரை, புதர், பாறை இடுக்கு, கரையான் புற்று எங்கேயும் தங்கும். தண்ணீரும் மறைவிடமும் இருந்தால் போதும். புதுக்கோட்டை, சிவகங்கை பக்கத்துச் செய்திகளைப் பார்த்து வருபவர்களுக்கு 'கோழிக்கூண்டில் மலைப்பாம்பு', 'ஆட்டுக்குட்டியை விழுங்கிய மலைப்பாம்பு' என்ற தலைப்புகள் புதிதில்லை. டீக்கடையில் பேச்செடுத்தால் ஆளுக்கொரு கதை வரும். கதைக்குக் கதை பாம்பின் நீளம் இரண்டடி கூடும்.

பழந்தமிழில் இதற்கு 'மாசுணம்' என்று பெயர். மலைபடுகடாம், பரிசில் தேடிப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்கிற பாட்டு. அந்தக் காலத்து டிராவல் கைடு என்றே சொல்லலாம். விழுந்த மரம்போல மாசுணம் கிடக்கும், பார்த்து விலகிப் போங்கள் என்று அதிலேயே எச்சரிக்கை இருக்கிறது. அடித்துவிட்டுப் போகச் சொல்லவில்லை. விலகிப் போகத்தான் சொல்கிறது.

ஏன் இவ்வளவு மெதுவாகச் சாப்பிடுகிறது?

மலைப்பாம்புக்கு விஷம் இல்லை. துரத்திப் பிடிக்கும் வேகமும் இல்லை. எலியோ முயலோ வரும் வழியில் அசையாமல் காத்திருக்கும். உதட்டோரத்தில் இருக்கும் சின்னச் சின்னக் குழிகள் வெப்பத்தை உணரும். கும்மிருட்டிலும் சூடான உடம்பு எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரிந்துவிடும். பாய்ந்து கவ்வி, உடனே சுற்றிக்கொள்ளும். எலும்பை நொறுக்கிக் கொல்கிறது என்று நாம் நினைக்கிறோம். இரையைச் சுற்றிக் கொல்லும் போவா பாம்புகளை வைத்துச் செய்து 2015-ல் வெளியான ஆய்வில் தெரிந்தது வேறு. அந்த இறுக்கத்தில் ரத்த ஓட்டம் நின்றுபோகிறது, இரை சீக்கிரமே நினைவிழந்துவிடுகிறது.

அதற்குப் பிறகுதான் தடுமாற்றம். இரையின் தலை எங்கே என்று நாக்கை நீட்டி நீட்டித் தேடும். தலைப் பக்கமாக விழுங்கினால்தான் காலும் ரோமமும் படிந்து உள்ளே போகும். சில பாம்புகள் நடுவயிற்றைக் கவ்விக்கொண்டு முழிக்கும். சில, வால் பக்கம் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டு, திரும்பவும் தலையைத் தேடும்.

கீழ்த்தாடையின் இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டாமல், நடுவே விரியும் தசைநாரால் இணைந்திருக்கின்றன. பற்கள் உள்நோக்கி வளைந்தவை. வலது பக்கம் ஒரு இழுப்பு, இடது பக்கம் ஒரு இழுப்பு என்று இரையின் மேல் தாடை 'நடந்து' போகும். வாய் முழுக்க இரை இருக்கும்போது மூச்சு? மூச்சுக்குழாயின் வாயை முன்னால் நீட்டி வைத்துக்கொள்ளும். கையில்லாமல், மெல்லாமல் சாப்பிடும் ஜீவனுக்கு இதைவிட வேகமாக முடியாது.

வயிற்றுக்குள் போன பிறகும் வேலை முடியவில்லை. பர்மிய மலைப்பாம்பு பெரிய இரையை விழுங்கினால் இரண்டு நாளில் அதன் இதயம் 40 சதவிகிதம் வரை பெரிதாகிறது என்று 2005-ல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். குடலும் பெருக்கும். ஜீரணம் முடிந்ததும் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். இத்தனைக்கும் வெயிலின் சூடு வேண்டும். குளிர் அதிகமானால் இரை ஜீரணமாகாமல் வயிற்றிலேயே அழுகத் தொடங்கும்.

வீட்டில் வளர்க்கலாமா?

ரீல்ஸ் பார்க்கும் பசங்க கேட்கும் முதல் கேள்வி இதுதான். வெளிநாட்டில் கண்ணாடித் தொட்டியில் மலைப்பாம்பு வளர்க்கிறார்கள், இடுக்கியில் எலியைப் பிடித்து ஊட்டுகிறார்கள், பாம்பு குறி தவறி முட்டிக்கொள்கிறது, வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். பார்க்க வேடிக்கைதான்.

வீடியோவில் வராத பாதி ஒன்று உண்டு. அங்கே அதிகம் வளர்ப்பது ஆப்பிரிக்காவின் பால் பைதான். மாதக்கணக்கில் பட்டினி கிடப்பதற்குப் பேர்போனது அது. இடம் மாறினால் சாப்பிடாது, சட்டை உரிக்கும் சமயத்தில் சாப்பிடாது, சூடு குறைந்தால் சாப்பிடாது. உயிரோடு எலியைப் போட்டால், பசியில்லாத பாம்பை எலி கடித்துக் காயப்படுத்திவிடும். அதனால் உறைய வைத்த எலியை வெதுவெதுப்பாக்கிக் கொடுக்கிறார்கள். சாப்பிட்டு முடித்தால் இரண்டு நாளாவது கையில் எடுக்கக் கூடாது. எடுத்தால் கக்கிவிடும்.

நம் நாட்டில் சட்டமும் குறுக்கே நிற்கிறது. இந்திய மலைப்பாம்பு, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடித்தாலோ வளர்த்தாலோ 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். வெளிநாட்டுப் பாம்பை அனுமதியில்லாமல் கொண்டுவந்தாலும் சிக்கல்தான். 2023 ஜூலை கடைசியில் கோலாலம்பூரிலிருந்து திருச்சி விமான நிலையத்தில் வந்திறங்கிய ஒரு பயணியின் பெட்டியில், பல இனங்களைச் சேர்ந்த 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் இருந்தன. ஓட்டை போட்ட டப்பாக்களில் அடைத்து, துணிமணிபோல அடுக்கியிருந்தார்கள். பிறகு அவற்றைத் திருப்பி அனுப்பும் ஏற்பாடு நடந்தது.

ஆசையாக வாங்கி, வளர்ந்ததும் சலித்துப்போய் வெளியே விட்டால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பார்க்கலாம். செல்லப்பிராணிச் சந்தைக்காகக் கொண்டுவந்த பர்மிய மலைப்பாம்புகள் அங்கே சதுப்புக்காட்டில் பெருகிவிட்டன. முயல், ரக்கூன் போன்றவை பல இடங்களில் காணாமலே போயின. அவற்றைப் பிடிக்க 2017-ல் அழைத்தது யாரை என்று நினைக்கிறீர்கள்? நம் செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்களான மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும்! முதல் இரண்டு வாரத்துக்குள்ளேயே 13 பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஆடு போனால்?

பாம்பைப் பற்றி எழுதுவது எளிது. ஆட்டுக்குட்டியைப் பறிகொடுத்த வீட்டுக்கு இதெல்லாம் ஆறுதல் ஆகாது. அரிமளம் சுற்றுவட்டாரத்தில் ஆடு என்பது ஸ்கூல் ஃபீஸ், ஆஸ்பத்திரிச் செலவு, தீபாவளித் துணி. ஒரு குட்டி போனாலும் வலிக்கும்.

ஆனால் பாம்பு ஏன் ஊருக்குள் வருகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். இயற்கையான முள்காடும் புதரும் இருந்த இடங்களில் இப்போது தைலமரம். தண்ணீர் கண்மாய்க்கு வராமல் போகிறது என்று விவசாயிகள் வருஷக்கணக்கில் போராடுகிறார்கள். கண்மாய் வற்றினால் மனிதருக்கு மட்டுமா நஷ்டம்? முயலும் உடும்பும் குறைந்த காட்டில், இரை தேடும் பாம்புக்குக் கண்ணில் படுவது கோழிக்கூண்டுதான். மறுபக்கம், வயலில் எலி தின்னும் கூட்டாளியும் அதே பாம்புதான்.

செய்யக்கூடியது சின்ன விஷயம். ராத்திரியில் குட்டிகளையும் கோழிகளையும் இடைவெளி இல்லாமல் அடைத்த கூண்டில் விடுங்கள். வலையின் கண் சின்னதாக இருக்கட்டும். வீட்டைச் சுற்றி விறகு, ஓடு குவிக்காதீர்கள்.

வயிறு புடைத்து நகர முடியாமல் கிடக்கும் மலைப்பாம்பைப் பார்த்தால் வாலைப் பிடித்து இழுக்காதீர்கள், கல் எறியாதீர்கள், கழுத்தில் போட்டு செல்ஃபி எடுக்காதீர்கள். பயந்துபோனால், தப்பி ஓடுவதற்காக விழுங்கியதைக் கக்கிவிடும். செத்த ஆடு உங்களுக்கும் உதவாது. பல வாரச் சாப்பாட்டை இழந்த பாம்பு திரும்ப வேட்டைக்குத்தான் கிளம்பும், அடுத்த கூண்டு உங்களுடையதாகவே இருக்கலாம். கூட்டத்தை விலக்கிவிட்டு, தீயணைப்பு நிலையத்துக்கு 101-ல் சொல்லுங்கள், அல்லது வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள்.

பிள்ளைகளுக்கு மலைப்பாம்பைப் பக்கத்தில் காட்ட வேண்டும் என்றால் சென்னை கிண்டியில் 1972-ல் தொடங்கிய பாம்புப் பண்ணை இருக்கிறது, வண்டலூர் உயிரியல் பூங்காவும் இருக்கிறது. அரிமளத்துக்கு வந்தால், மழைக்குப் பிறகு வாருங்கள். கண்மாய் நிறைந்திருக்கும். கரையில் நடக்கும்போது விழுந்த மரம்போல ஏதாவது கிடந்தால், கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மரம் என்றால் தாண்டிப் போகலாம். மூச்சு விட்டால், அவர் சாப்பிட்டு முடிக்கட்டும், நீங்கள் சுற்றிக்கொண்டு போங்கள்.