மகளிர்க்கு இட்ட பெயர்கள்

மக்கள் ஒருவரையொருவர் எப்பெயரால் விளிக்கின்றனரோ, அப்பெயரில் அவர்தம் உள்ளக் கருத்தும் ஒருவாறு புலப்படும். இளமகளிரைக் குறிக்கத் தமிழில் வழங்கும் பெயர்கள் பெண்மையைப் போற்றுவனவோ, தாழ்த்துவனவோ என்பதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

உலா நூல்களில் மகளிர் பருவம் ஏழாக வகுக்கப்படும். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்பன அவை. ஆண்டுக் கணக்கு நூல்தோறும் சிறிது வேறுபடினும், பேதைக்கு 5 முதல் 7 வரையும், மடந்தைக்கு 14 முதல் 19 வரையும், பேரிளம்பெண்ணுக்கு 32 முதல் 40 வரையும் கூறுதல் பெருவழக்கு. இவற்றுள் பேதை என்பது அறியாமையுடையாரையும் குறிக்கும். மடந்தை என்பதோ மடம் என்னும் பண்படியாகப் பிறந்தது என்பர்.

மடம் இகழ்ச்சிச் சொல் அன்று என்று கூறுவாரும் உளர். கற்பித்ததை உட்கொண்டு, கொண்டதை நெகிழவிடாமையே மடம் எனப் பண்டை உரைகாரர் பொருள் கூறினர்; கள்ளமறியா இளமையைப் பாராட்டிய சொற்களே இவை என்பது அவர் கருத்து. இக்கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை.

ஆயினும் ஆடவர் பருவப் பெயர்களை உடன்வைத்து நோக்குக. பாலன், மீளி, மறவோன், திறலோன், காளை, விடலை, முதுமகன் எனப் பாட்டியலார் அவற்றை உரைப்பர். ஆண்மகன் பெயர்க்கு மறமும் திறலும் அடியாயின; பெண்மகள் பெயர்க்கு மடம் அடியாயிற்று. முப்பதைக் கடந்த ஆடவன் முதுமகன் என்னும் பெயரோடு வாழ்வான். மகளிர்க்கோ நாற்பதுக்கு மேல் பெயரே இல்லை! தலைவன் பவனி வருங்கால் தெருவில் நின்று காணும் மகளிரைப் பாடுவது உலா. அத்தெருவிற்கு வேண்டிய அளவே பெயர்களும் அமைந்தன போலும்.

சென்ற ஆண்டு ஒரு தமிழ் மன்றத்துச் சொற்போரில் எம் தோழி ஒருவர் முதற்பரிசு பெற்றார். அவரை வாழ்த்திப் படித்த பாவில் மானும் மயிலும் மடந்தையும் நிறைந்திருந்தன. அவர் ஆற்றிய உரையைப் பற்றி ஓரடியும் இல்லை. "பரிசு மயிலுக்கோ, எனக்கோ?" என அவர் எம்மை நகைத்து வினவினார். அவ்வாழ்த்து மடலை அவர் இல்லத்திற்கு எடுத்துச் செல்லவில்லை.

சொல்லின்மேல் மட்டும் குற்றம் சுமத்தல் பொருந்தாது. குமரி என்பது நம் நாட்டின் தென்முனைக்குப் பெருமையுடன் வழங்கும் பெயர். அதுவே தென்மாவட்ட இல்லங்களில், "வீட்டில் குமர் இருக்கிறது" என்று பெற்றோர் பெருமூச்செறியுங்கால் சுமையின் பெயராய்விடுகின்றது. ஆங்குப் பெண் அஃறிணையாதலையும் நோக்குக.

பழமை கருதி மடத்தையே பாடுதல் வேண்டும் என்பார்க்கு ஒன்று கூறுவாம். செறிவு, நிறைவு, செம்மை என்பவற்றோடு அறிவையும் பெண்பாலார்க்கு உரியதாகத் தொல்காப்பியர் பொருளியலில் எண்ணியுள்ளார். அறிவைப் பாராட்டுதலும் நம் பழமரபேயாம்.

புகழ்ச்சி என்பது கூறுவார் கருத்தால் மட்டும் அமையாது. ஏற்பார் உளம் உவந்து ஏற்றலும் வேண்டும். இலக்கியத்துள் இச்சொற்கள் நிற்க; அவற்றை நன்கு கற்போம். மன்றத்தில் பரிசு பெறுவாரை மட்டும் அவர்தம் இயற்பெயரால் விளித்து, அவர் செய்ததனை எடுத்துக் கூறி வாழ்த்துவோமாக.