கோடு முதலில், பெயர் அப்புறம்

பதினேழு வருஷமாக எனக்கு ஆட்களை வரிசையில் உட்கார வைக்கிற வேலை. பந்தியில் இல்லை, தாளில். ஐஐஎம்களில் சேர எழுதும் கேட் தேர்வில் டிஐஎல்ஆர் என்று ஒரு பகுதி உண்டு. அதற்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறேன். யாருக்கு முன்னால் யார், கடைசியில் நிற்பது யார் என்கிற அரேஞ்ச்மென்ட் செட்டுகள்தான் எனக்குச் சோறு போடுகின்றன.

எனக்குச் சொல்லிக்கொடுத்த சார் ரப்பரைத் தொட விடமாட்டார். அவர் ஒரு செட்டை எடுத்தால் முதல் இரண்டு நிமிஷம் தாளில் ஒரு பெயரும் இடத்தில் விழாது. எத்தனை பேரோ அத்தனை சின்னக் கோடு. ஓரத்தில் க்ளூக்கள் சுருக்கமாக: ஒட்டி வருகிறவர்களுக்கு ஒரு பெட்டி, நடுவில் ஆள் இருந்தால் அத்தனை கோடு, 'எங்கேயோ முன்னால்' என்றால் வெறும் புள்ளிகள். நானோ அவசரக்காரன். முதல் க்ளூவிலேயே பெயரை உட்கார வைத்துவிட்டு ஐந்தாவது க்ளூவில் முட்டிக்கொள்வேன். "உன்னை யார்டா வைக்கச் சொன்னது? அவன் உட்காரட்டும், நீ பிடிச்சுத் தள்ளாதே" என்பார்.

ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். டாக்டரைப் பார்க்க ஆறு பேர்: ராஜா, வேணு, மணி, கலா, பாபு, சுமதி. சுமதி முதலும் இல்லை, கடைசியும் இல்லை. மணிக்கு அடுத்தபடியே கலா. மணிக்கு முன்னால் எங்கேயோ பாபு. ராஜாவுக்குப் பின்னால் வேணு, நடுவில் சரியாக இரண்டு பேர்.

வகுப்பில் பாதிப் பேர் சுமதியிடம் ஆரம்பிப்பார்கள், முதலில் கண்ணில் பட்டது அவள் என்பதால். அவளுக்கு நான்கு இடம் இருக்கிறது. மணி–கலா பெட்டிக்கு ஐந்து. ராஜா–வேணுவுக்கோ மூன்றே வழி: 1–4, 2–5, 3–6. அங்கேதான் கை வைக்க வேண்டும். ராஜா 2, வேணு 5 என்றால் பெட்டி நடுவில் 3, 4-ல்தான் நுழையும். பாபு முன்னால் போயாக வேண்டும், ஆக அவன் 1. சுமதிக்கு மிச்சம் ஆறாவது இடம், அது அவளுக்கு ஆகாது. கேஸ் செத்தது. 1–4-ல் மணியும் கலாவும் 5, 6-க்குப் போகிறார்கள். பாபுவும் சுமதியும் 2, 3-ல் எப்படியும் மாறிக்கொள்ளலாம். 3–6-ல் ஒரே வரிசை: பாபு, சுமதி, ராஜா, மணி, கலா, வேணு. மொத்தம் மூன்று விடை. ஒரே விடை வரவில்லையே என்று இங்கே பதறுகிறவர்கள் உண்டு. பதற வேண்டாம், 'வேணு கடைசி என்றால்' என்று கேள்வியே மீதியை முடித்துக்கொடுக்கும்.

செத்த கேஸின் மேல் மெல்லிசாக ஒரே கோடு போதும், கிறுக்க வேண்டாம். க்ளூவைத் தப்பாகப் படித்திருந்தால் திரும்பி வர வேண்டியிருக்கும். எனக்கு அது நடந்திருக்கிறது. ஒரு மாக் டெஸ்டில் 'நடுவில் இரண்டு பேர்' என்பதை இரண்டு இடம் தள்ளி என்று எண்ணினேன். தள்ள வேண்டியது மூன்று. நான்கு கேள்வி, நான்கும் தப்பு; வர வேண்டிய பன்னிரண்டு மார்க் போனதோடு மைனஸ் நான்கு வேறு. வீட்டுக்கு வந்து பார்த்தால், நான் அடித்து அப்பிய கறுப்புத் திட்டுக்கு அடியில்தான் சரியான விடை இருந்தது. இன்றைக்கும் விரல் விட்டுத்தான் எண்ணுகிறேன். பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

2008 வரை கேட் தாளில் நடந்தது. நான் எழுதியதும் அப்படித்தான். கேள்வி பக்கத்திலேயே கிறுக்கலாம். 2009-லிருந்து கம்ப்யூட்டர். கேள்வி திரையில், கை ரஃப் ஷீட்டில்; இடையில் கண் போய் வருவதற்குள் ஒரு 'இல்லை' நழுவிவிடும். அதனால் இப்போதெல்லாம் எதிர்மறை க்ளூக்களுக்கு வட்டம் போடச் சொல்கிறேன். திரையில் கால்குலேட்டர் தருகிறார்கள், சுமதியை உட்கார வைக்க அது உதவாது. 2015-ல் டிஐஎல்ஆர் தனிப்பகுதியானபோது ஒரு மணி நேரம் இருந்தது. 2020-லிருந்து நாற்பது நிமிஷம்.

இந்த நாற்பதில்தான் ஒரு செட்டை விடுகிற கைவாகு தேவைப்படுகிறது. அதைச் சொல்லிக்கொடுப்பதுதான் எனக்கு இன்னும் கஷ்டம். எந்த க்ளூவும் தொடாத ஆள் இரண்டு பேர் இருந்தால், கேஸ் ஐந்தைத் தாண்டினால், பேனாவைத் தூக்கு என்பேன். மானப்பிரச்சினை மாதிரி எடுத்துக்கொள்வார்கள்.

போன தடவை ஒரு பெண் தேர்வு முடிந்து நேரே வகுப்புக்கு வந்தாள். "மூணு செட் போட்டேன் சார். ஒண்ணை விட்டுட்டேன், மனசு அடங்கல." ஞாபகத்திலிருந்தே க்ளூக்களை எழுதி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். நான் டீ குடித்துவிட்டு வந்தேன், அடுத்த பேட்சுக்குப் போர்டைத் துடைத்தேன். விடை வந்தது என்று தாளைத் தூக்கிக் காட்டினாள், சரியாகத்தான் இருந்தது. மணியைப் பார்த்தேன், இருபத்தைந்து நிமிஷம் ஆகியிருந்தது. அவளும் பார்த்தாள். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "வரேன் சார்" என்று கிளம்பினாள்.