கேளாமல் எடுத்த படம்

நிழற்படக் கருவியோடு ஒரு பெருநகரத்துள் நுழைகின்றவன், அந்நகரத்து மக்களை எந்த உரிமையில் படம் எடுக்கின்றான்? இவ்வினாவை நான் நெடுநாள் என்னிடம் கேட்டுக்கொண்டதே இல்லை. தமிழ்ப்பள்ளி ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் நான் பற்றிக்கொண்ட பொழுதுபோக்கு இது. மாணவரின் கட்டுரைகளைத் திருத்திப் பழகிய கைக்கு ஏதேனும் ஒரு வேலை வேண்டியிருந்தது. ஈப்போவின் பழைய கடைவரிசைகளையும் காலைச் சந்தையையும் எடுத்துப் பழகினேன். நாளடைவில் ஆசை வளர்ந்தது. ஒரு பெருநகரின் தெருவில் நின்று, பிறர் பார்ப்பதை அறியாமல் தம் போக்கில் இயங்கும் மனிதரை எடுக்க வேண்டும் என்று உள்ளம் விரும்பியது.

இக்கலைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1838-ஆம் ஆண்டு, பாரிஸ் நகரத்தில் டாகெர் என்பவர் உயரமான ஓரிடத்திலிருந்து கீழே தெரிந்த சாலையைப் படம் எடுத்தார். தகட்டில் ஒளி பதியப் பல நிமிடங்கள் தேவைப்பட்ட காலம் அது. விரைந்து சென்ற வண்டிகளும் மனிதரும் பதியாமலே போயினர். தெருவோரத்தில் காலணிக்கு மெருகேற்றிக்கொள்வதற்காக அசையாமல் நின்ற ஒருவர் படத்தில் விழுந்துவிட்டார். மனிதவுருவைக் காட்டும் நிழற்படங்களுள் மிகப் பழையதாக இன்று அறியப்படுவது அதுவே. அம்மனிதரின் பெயர் எவருக்கும் தெரியாது. தாம் வரலாற்றில் இடம்பெற்றுவிட்டோம் என்பதை அவர் அறிந்திருப்பாரா என்பதும் ஐயமே.

1925-இல் லைக்கா என்னும் சிறு கருவி விற்பனைக்கு வந்த பின்னர், தெருவில் படம் எடுப்பது எளிதாயிற்று. பிரெஞ்சுக் கலைஞர் கார்த்தியே பிரெசோன், தம் கருவியின் பளபளப்பு பிறர் கண்ணில் படாதிருக்க அதன்மேல் கறுப்பு நாடா ஒட்டினார். அமெரிக்கரான வாக்கர் எவன்ஸ், 1938 முதல் 1941 வரை நியூயார்க் நகரத்துச் சுரங்க இரயிலில் மேலங்கிக்குள் கருவியை மறைத்துவைத்து, எதிரே அமர்ந்திருந்த பயணிகளைப் படம் எடுத்தார். அப்படங்களை நூலாக வெளியிட அவர் 1966 வரை காத்திருந்தார். அத்தனை ஆண்டு அவர் காத்திருந்தது ஏன் என்று நான் அன்று எண்ணிப் பார்க்கவில்லை. கருவியை மறைத்த திறனை மட்டுமே வியந்தேன்.

சென்ற ஆண்டு சிங்கப்பூரில் என் தங்கை மகள் வீட்டில் நான்கு நாள் தங்கியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு சிராங்கூன் சாலைக்குச் சென்றேன். தேக்காச் சந்தையிலிருந்து வீரமாகாளியம்மன் கோயில் வரை மனிதத் தலைகளே தெரிந்தன. வாரத்தில் ஆறு நாள் கட்டுமான இடங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் உழைக்கும் இளைஞர்கள், அந்த ஒரு நாள் தமக்காக வாழ அங்கே வருகின்றனர். பணம் அனுப்பும் கடைகளில் நீண்ட வரிசை. பஃபலோ சாலையில் முருங்கைக்காயும் வாழையிலையும் குவிந்து கிடந்தன. கேம்பல் லேனில் மல்லிகைச் சரத்தின் மணம் வழிமறித்தது.

தெருப்படம் எடுப்போர் கையாளும் முறை ஒன்றுண்டு. 35 மில்லிமீட்டர் ஆடியைப் பொருத்தி, ஒளித்துளையை எட்டாம் எண்ணில் நிறுத்தி, தூரத்தை 3 மீட்டர் என்று முன்கூட்டியே அமைத்துவிட வேண்டும். ஏறத்தாழ 2 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரை நிற்பவை யாவும் தெளிவாக விழும். கருவியைக் கண்ணருகே கொண்டு செல்ல வேண்டியதில்லை; இடுப்பளவில் வைத்தே விசையை அழுத்தலாம். எதிரே இருப்பவர் அறியமாட்டார். பொது இடத்தில் இவ்வாறு எடுப்பதைச் சட்டமும் பொதுவாகத் தடுப்பதில்லை. எனவே அச்சமின்றி எடுத்துக்கொண்டே சென்றேன்.

சாலையை விட்டுச் சற்று விலகியிருந்த புல்தரையில் ஓர் இளைஞர் தனியே அமர்ந்திருந்தார். வலக்கையில் கைத்தொலைபேசியை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்திருந்தார். திரையில் ஒரு சிறு குழந்தை. அதன் மழலைக்கு அவர் வாய்விட்டுச் சிரித்தார். இடக்கை மணிக்கட்டு வரை வெள்ளைக் கட்டுடன் தொடையருகே, திரைக்கு எட்டாத இடத்தில் கிடந்தது. மாலை வெயில் முகத்திலும் அந்தக் கட்டிலும் ஒருசேர விழுந்தது. நான் விசையை அழுத்தினேன். கருவியின் பின்புறத் திரையில் படத்தைப் பார்த்தபோது என் நெஞ்சு படபடத்தது. சிரிப்பும் காயமும் ஒரே சட்டத்துள்! நான் அதுவரை எடுத்தவற்றுள் அதற்கு இணையானது இல்லை. எங்கள் ஊர்க் கண்காட்சிக்கு இதைத்தான் அனுப்ப வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

நிமிர்ந்தபோது அவர் என் எதிரில் நின்றிருந்தார்.

“ஐயா, என்னைப் படம் புடிச்சீங்களா?”

“ஆமாம், தம்பி.”

“கையும் விழுந்திருக்குங்களா?”

நான் பதில் சொல்லாமல் திரையைக் காட்டினேன். அவர் அதை நெடுநேரம் பார்த்தார். சினம் கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் குரலோ தாழ்ந்தே ஒலித்தது.

“கையில அடிபட்டது வீட்ல தெரியாதுங்க. அம்மாவுக்கு நெஞ்சுவலி இருக்கு. ஆறுற வரைக்கும் சொல்ல வேணாம்னு இருக்கேன். இந்தப் படம் ஒரு போன்ல ஏறிச்சுன்னா எங்க ஊருக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? அழிச்சிடுங்க, ஐயா.”

ஒரு கணம் தயங்கினேன். அந்தத் தயக்கத்தை மறைக்க நான் விரும்பவில்லை. படத்தை எவருக்கும் காட்டமாட்டேன் என்று வாக்களித்துவிட்டு வைத்துக்கொள்ளலாமா என்றுகூட எண்ணினேன். அவர் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் ஓர் உண்மை எனக்கு விளங்கியது. தொலைபேசியை எந்த உயரத்தில் பிடிப்பது, எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று தம் தாயின் பொருட்டு அவர் ஒரு சட்டத்தை அமைத்து வைத்திருந்தார். வாரந்தோறும் அதை அவர் காத்துவந்தார். நான் பக்கவாட்டில் நின்று, ஒரு நொடியில் அதைக் கலைத்துவிட்டேன். நான் பெருமை கொண்ட அந்த அழகு, அவர் அரும்பாடுபட்டு மறைத்த துன்பத்தாலேயே விளைந்தது.

படத்தை அழித்தேன். அழிந்ததை அவருக்கும் காட்டினேன்.

அவர் முகம் தெளிந்தது. “இப்ப ஒண்ணு எடுங்க, ஐயா. கை தெரியாம. ஊருக்கு அனுப்பலாம்” என்றார். தலைமுடியைக் கோதி, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, இடக்கையை முதுகுக்குப் பின்னால் வைத்து நிமிர்ந்து நின்றார். பள்ளியாண்டு விழாவில் குழுப்படத்துக்கு நிற்கும் மாணவனைப் போன்ற விறைப்பு. கலை நோக்கில் அதில் சிறப்பேதும் இல்லை. ஆயினும் அதைத்தான் அவர் விரும்பினார். அன்றிரவே அவர் தொலைபேசிக்கு அனுப்பிவைத்தேன். பிரியும்முன், “இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதலாமா, தம்பி?” என்று கேட்டேன். “கை ஆறட்டுங்க. பேரும் ஊரும் வேணாம்” என்றார்.

ஜொகூர் பாலத்தைப் பேருந்து கடக்கும்போது என் மனம் வேறொரு வழக்கைத் தொடங்கியது. என் தாயார் பேராக்கில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். நான் சிறுவனாக இருந்தபோது, தோட்டத்தைச் சுற்றிப் பார்க்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர், வாளிகளைச் சுமந்து நின்ற அம்மாவைப் படம் எடுத்துச் சென்றார். அவரும் கேட்கவில்லை. படம் எங்களுக்கு வரவும் இல்லை. அம்மா மறைந்தபோது வீட்டில் இருந்தது அடையாள அட்டையிலிருந்த சிறிய முகம் ஒன்றுதான். உழைத்த கோலத்தில் அவரைக் காட்டும் ஒரே படம் எந்த நாட்டில், எந்தப் பெட்டியில் கிடக்கின்றதோ! தோட்டங்களைப் பற்றிய பழைய நூல் எதைக் கண்டாலும், அதிலுள்ள பெண்களின் முகங்களில் அம்மாவை இன்றும் தேடுகின்றேன்.

ஆகவே, கேளாமல் எடுப்பது தவறு என்று ஒரே வரியில் தீர்ப்புரைக்க என்னால் இயலவில்லை. கேட்டு எடுத்திருந்தால், அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு விறைத்து நின்றிருப்பார். அந்த அந்நியர் எடுத்திராவிட்டால், அம்மாவின் உழைப்பு எந்தத் தாளிலும் பதிந்திராது. அவர்மீது எனக்குள்ள மனக்குறை, படம் எடுத்தார் என்பதன்று. திரும்பி வந்து காட்டவில்லை என்பதே. தமக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த இளைஞர் என் எதிரில் வந்து நின்றிராவிட்டால், நானும் அப்படித்தான் போயிருப்பேன்.

இன்றும் தெருவில் படம் எடுக்கின்றேன். கருவியை இடுப்பில் மறைப்பதில்லை. கண்ணருகே உயர்த்தியே எடுக்கின்றேன். எடுத்தபின் அருகில் சென்று காட்டுகின்றேன். சிலர் சிரிக்கின்றனர், சிலர் அழிக்கச் சொல்கின்றனர். அழிக்கின்றேன். நல்ல படங்கள் பல அவ்வாறு போய்விட்டன.

வகுப்பறையில் நான் மாணவரிடம், ‘கண்டதைக் கண்டவாறு எழுதுங்கள்’ என்று ஆண்டுதோறும் சொல்லிவந்தவன். தந்தையின் குடியையும் அடுத்த வீட்டுச் சண்டையையும் உள்ளவாறே எழுதிய கட்டுரைகளுக்கு மிகுந்த மதிப்பெண் இட்டு, வகுப்பில் உரக்கப் படித்தும் காட்டியிருக்கின்றேன். அப்போது தலைகுனிந்து அமர்ந்திருந்த ஒரு மாணவியின் முகம் இப்போது நினைவுக்கு வருகின்றது. அவளிடம் நான் ஒரு சொல் கேட்டிருக்கலாம்.

சென்ற மாதம் அந்த இளைஞரிடமிருந்து செய்தி வந்தது. “கை ஆறிடுச்சுங்க, ஐயா. ஊருக்குப் போய் அம்மாகிட்ட நானே சொல்லிட்டேன். இனிமே நீங்க எழுதலாம்.”

எழுதிவிட்டேன். அச்சுக்குக் கொடுக்கும் முன்னர் இதை அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் அழைத்தால் கிடைப்பார்.